வீட்டுக்கும் ஒரு நெறி வேண்டும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையிலே இளைஞன் ஒருவனைப் பேச அழைத்தால், அவன் சமயத்தின் பெருமையைப் பற்றியோ கல்வியின் சிறப்பைப் பற்றியோ பேசுவான் என்றே எல்லோரும் எதிர்பார்ப்பர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ அடுப்பையும், கூரையையும், சுவரையும் பற்றியது. விழா மேடைக்கு இது ஏற்றதா என்று சிலர் நினைக்கலாம். நம்மிற் பலர் இம்மண்டபத்தை விட்டுப் புறப்பட்டால் லயத்துக்குத்தான் திரும்பிப் போகிறோம். ஆதலால் இதைவிட நமக்கு நெருங்கிய பொருள் வேறில்லை என்பது என் துணிபு.

ஒரு வீட்டை வீடு என்று அழைப்பதற்கு அது குறைந்தபட்சம் எப்படி இருக்கவேண்டும்? கூரை இருந்தாற் போதுமா? நான்கு சுவர் இருந்தாற் போதுமா? இந்தக் கேள்வியை இன்று பல நாடுகளில் சட்டமே கேட்கத் தொடங்கிவிட்டது. வெப்பத்தையும் எரிபொருளையும் வீணாக்காமல், தன்னுள் வாழ்வோரைக் குளிரிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் தகுதி ஒரு வீட்டுக்கு இவ்வளவாவது இருக்கவேண்டும் என்று ஓர் எல்லைக்கோடு வரைகிறார்கள். இதற்குக் குறைந்தபட்ச எரிசக்தித் திறன் நெறி என்று பெயர். பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டில் மனிதரைக் குடிவைக்கலாகாது என்பதே அதன் உட்கருத்து.

இதற்கு எடுத்துக்காட்டாக முதலில் இங்கிலாந்தைச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. நம் தோட்டங்களை வெட்டித் திருத்துவித்த துரைமார் அந்நாட்டினர். கெனில்வேர்த் என்று நம் பக்கத்துத் தோட்டத்துக்குத் தம் ஊர்ப் பெயரையே சூட்டிச் சென்றவர்கள் அவர்கள். நம் லயங்களைக் கட்டுவித்தவர்களும் அவர்களே.

இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலத் தரச் சான்றிதழ் வழங்குகிறார்கள். ஆங்கில எழுத்து ‘ஏ’ முதல் ‘ஜீ’ வரை ஏழு தரங்கள். ‘ஏ’ மிகச் சிறந்தது. ‘ஜீ’ மிகத் தாழ்ந்தது. 2018 ஏப்ரல் 1 ஆம் நாள் முதல், ‘ஈ’ தரத்துக்குக் கீழான வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுதல் கூடாது என்று விதித்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல், முன்னரே குடியிருப்போர் உள்ள வாடகை வீடுகளுக்கும் அவ்விதி விரிந்தது. வீட்டைச் செப்பனிடும் செலவு வீட்டுக்காரரைச் சேர்ந்தது. அவர் 3,500 பவுண் வரையிற் செலவிட வேண்டும். மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. பிரான்சு நாட்டில், 2025 ஜனவரி 1 முதல் ‘ஜீ’ தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட இயலாது.

சட்டம் ஏன் வீட்டுக்காரரைப் பிடிக்கிறது? இதிலேதான் விஷயம் இருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவன் கூரை ஒழுகினால் தானே மாற்றுகிறான். குளிர் அவனுக்குத்தானே தெரியும்! வாடகை வீட்டில் நிலைமை வேறு. குளிரை அனுபவிப்பவன் ஒருவன்; கூரைக்கு உரிமையாளன் வேறொருவன். செலவு செய்ய வேண்டியவனுக்குக் குளிரில்லை; குளிரில் நடுங்குகிறவனுக்குக் கூரையில் உரிமையில்லை. இந்த இடைவெளியை நல்ல மனம் ஒன்றே நிரப்பிவிடும் என்று காத்திருந்து பயனில்லை என்று கண்டபிறகே அந்நாட்டார் சட்டம் செய்தனர்.

அதற்கும் ஒரு குழந்தையின் உயிர் விலையாக வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அவாப் இசாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. ஈரச் சுவரிற் படர்ந்த பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 இல் மரண விசாரணையில் முடிவாயிற்று. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. பொதுக் குடியிருப்புகளை நடத்துவோர் ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த நாட்களுக்குள் கவனித்தே தீரவேண்டும் என்ற அவ்விதி 2025 அக்டோபர் 27 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம்.

கினிகத்தேனையிலிருந்து அட்டன் வீதியில் ஏறினால் வட்டவளை. இலங்கையிலேயே மழை மிகுதியாகப் பெய்யும் இடங்கள் நம் பக்கத்தில்தான் உள்ளன. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதினால், வைகாசியில் நனைந்த சுவர் புரட்டாசி வரையிற் காய்வதில்லை. இன்னும் மேலே ஏறினால் குளிர். நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ளது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை மாசி மாதங்களில் சில விடியற்காலைகளிற் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2018 இல் வீட்டுச் சுகாதாரம் பற்றிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. குளிர்ந்த காலத்தில் வீட்டின் உள்ளே 18 பாகையாவது இருத்தல் நலம் என்பது அதன் முடிவு. நுவரெலியாவில் வெளியே சராசரி 16 பாகை. ஆகவே எஞ்சிய வெப்பத்தை வீடுதான் காத்துத் தரவேண்டும். இலங்கை வெப்ப நாடு, வீட்டைச் சூடாக வைத்திருப்பது பற்றிய பேச்சு இங்கு எதற்கு என்று கேட்போர் கொழும்பை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள்.

அந்த வெப்பத்தைக் காக்க நம்மிடம் உள்ள வீடு எது? லயம். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒரே நீண்ட கூரையின் கீழே பல குடும்பங்கள். இரட்டை லயமாயின், இரு வரிசைக் காம்பராக்களும் முதுகோடு முதுகு ஒட்டியவை. பின்சுவரில் யன்னல் வைக்க வழியே இல்லை. 1912 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. லயங்களை ஓரளவு சுகாதாரமான நிலையில் வைத்திருத்தல் தோட்டத்தை நடத்துவோரின் கடமை என்று அது விதித்தது. ஆகவே வீட்டுக்கு ஒரு நெறி என்னும் எண்ணம் நம் மலைக்குப் புதியதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஆனால் ‘ஓரளவு’ என்பது எவ்வளவு? அளவிட முடியாத சொல்லை வைத்துக்கொண்டு எவரையும் கேள்வி கேட்க இயலாது. நெறி என்றால் அதில் எண் இருக்கவேண்டும்.

காம்பராவுக்குள் நடப்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தகரம் மெல்லியது. பகலில் வெயிலேறினால் உடனே சுடும். இரவில் வானம் தெளிந்தால் உடனே குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்து போவதுண்டு. உள்ளே உறங்கும் ஆறேழு பேரின் மூச்சிலுள்ள நீராவியும், இரவுச் சமையலின் நீராவியும் அக்குளிர்ந்த தகரத்திற் பட்டு நீராகின்றன. விடியற்காலையில் மழையில்லாமலே பாயின்மேல் நீர் சொட்டுவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கூரை ஒழுகுகிறது என்று நாம் தாரைப் பூசுகிறோம். ஒழுகுவது வானமன்று, நம் மூச்சே நம்மேல் ஒழுகுகிறது.

ஈரச் சுவரின் கதையும் அத்தகையதே. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைச் சுவர் எங்கிருந்து எடுக்கும்? அறையிலிருந்தும் அதில் இருப்பவரின் உடம்பிலிருந்தும் எடுக்கும். நனைந்த கம்பளியைப் போர்த்தியவனுக்குக் குளிர் விடுமா? ஈரச் சுவர் வீட்டுக்குப் போர்த்திய நனைந்த கம்பளி. ஈர விறகும் இப்படித்தான். தன் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன் ஈரத்தை விரட்டுவதிலேயே செலவிட்டு, எஞ்சியதைப் புகையாக நமக்குத் தருகிறது.

புகையைப் பற்றிச் சொல்லும்போது என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூற அனுமதியுங்கள். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருந்தன. என் அப்பாயி பிரட்டுக்குப் போகும் காலம் முடிந்து, அடுப்படியே கதியென்று இருந்தார். இரவெல்லாம் இருமுவார். என் தந்தையார் பழைய தகரத்தை வெட்டிக் குழாயாகச் சுருட்டி, அடுப்புக்கு மேலே கூரையைத் துளைத்து ஒரு புகைபோக்கி அமைத்தார். புகை நேரே வெளியே போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த முருகன் படத்தின் முகம் எங்களுக்கு அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வாரம் கழியவில்லை; கூரை தோட்டத்துச் சொத்து, அதைத் துளைக்க அனுமதியில்லை, உடனே அடைத்துவிட வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிச் சென்றார். தந்தையார் மறுபேச்சுப் பேசவில்லை. குழாயை இறக்கிவிட்டு, துளையின்மேல் தகரத் துண்டொன்றை வைத்து ஆணியடித்தார். ஒவ்வோர் அடியும் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்பாயி இன்று இல்லை. அவர் நோய்க்கு அந்தப் புகைதான் காரணம் என்று மருத்துவர் போலத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கை மட்டும் சொல்கிறேன். வீட்டு அடுப்புப் புகை முதலிய உள்வீட்டு மாசினால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 2,37,000 க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

அந்த ஆளைப் பற்றியும் குறை கூற நான் விரும்பவில்லை. அவர் தமக்கிட்ட கட்டளையைச் சொன்னார். ஆனால் அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் படித்தது பாதிரிமார் நடத்திய பள்ளி. கற்பாறைமேல் வீடு கட்டிய புத்திமானையும் மணல்மேல் வீடு கட்டிய மூடனையும் பற்றி அவர்கள் மறைநூலிலிருந்து கதை சொல்வார்கள். வகுப்பிலே நானும் ஒப்புவித்தேன். மழை வந்தது, வெள்ளம் வந்தது, ஒரு வீடு நின்றது, ஒரு வீடு விழுந்தது. எங்கள் லயம் கற்பாறைமேல்தான் நின்றது. ஆனால் பிறர் நிலத்தில் நிற்கும் வீட்டுக்குள் இருப்பவன் புத்திமானா மூடனா என்பதை அந்தக் கதை சொல்லவில்லை. ஒரு புகைபோக்கி வைக்கும் உரிமைகூட இல்லாதவனுக்கு எந்தப் புத்திமதி பயன்படும்?

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டுக்கு நெறி வேண்டும். அந்நெறியைக் காக்கும் கடமை வீட்டுக்கு உரிமையாளரின் தோளில் இருக்கவேண்டும். குடியிருப்பவனுக்கோ அதைக் கேட்கும் உரிமை இருக்கவேண்டும். நம் நிலைமை இங்கிலாந்து வாடகைக்காரனின் நிலைமையைவிடச் சிக்கலானது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, குளிர் நம்முடையது. வேலைக்கும் வீட்டுக்கும் போட்ட முடிச்சினால், குறை சொல்ல வாய் திறப்பவனுக்கு அச்சமும் கூடவே வருகிறது.

“தம்பி, இப்போது தனி வீடு கட்டித் தருகிறார்களே!” என்று பெரியோர் சிலர் கேட்பது என் செவியில் விழுகிறது. உண்மைதான்; நன்றியோடு சொல்லவேண்டியதுதான். இந்திய அரசின் உதவியோடு மலைநாட்டில் 4,000 வீடுகளுக்கான திட்டம் நடந்தது. 2017 மே 12 ஆம் நாள் நோர்வூட்டில் நடந்த பெருங்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி அவர்கள் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. அதில் இரண்டு படுக்கையறையும், தனிச் சமையலறையும், கழிப்பறையும் உண்டு. அடுப்பும் படுக்கையும் பிரிந்ததே பெரிய விடுதலை. ஆனால் வீடுகள் வரும் வேகத்தைப் பார்க்கையில், லயத்தில் இன்னும் ஒரு தலைமுறை பிறக்கும் என்றே தோன்றுகிறது. புது வீட்டுக்கும் உட்கூரையும் புகைபோக்கியும் இல்லாவிட்டால், பழைய குளிரும் பழைய புகையும் புது விலாசத்துக்குக் குடிபெயரும், அவ்வளவே. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையும் மண்சரிவும் மலைநாட்டிற் பல குடும்பங்களை வீடற்றோராக்கின. அவர்களுக்குக் கட்டப்படும் வீடுகள் எந்த நெறிப்படி அமையவேண்டும் என்று கேட்பதற்கு ஏற்ற காலம் இதுவே. நிலம் சரியாத நிலமா என்று பார்ப்பது முதற்கடமை. அதன்மேல் நிற்கும் வீடு மனிதரைக் காக்குமா என்று பார்ப்பது இரண்டாவது கடமை.

இந்தியாவில் மின்வலு அமைச்சு 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு நெறியை வெளியிட்டது. கூரை வழியே எவ்வளவு வெப்பம் செல்லலாம் என்பதற்கு அதில் எண்ணாலே எல்லை உண்டு. நாட்டைத் தட்பவெப்பத்தின்படி மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி சுவரும் யன்னலும் அமையவேண்டும் என்று அது கருதுகிறது. நம் நாட்டிலும் 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிலைபெறுதகு வலு அதிகார சபை அமைந்தது. 2008 இல் கட்டிடங்களுக்கான எரிசக்தி நெறிக்கோவையும் வந்தது. ஆயினும் அக்கோவை பெரிய கட்டிடங்களையும் குளிரூட்டிய மண்டபங்களையும் மனத்திற்கொண்டது. குளிரூட்டிக்கு நெறியுண்டு, குளிரில் நடுங்கும் காம்பராவுக்கு நெறியில்லை.

மின்சாரத்தின் வரலாறும் இவ்வாறே. நம் மலையின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எழுதிக் காட்டினார். 1950 இல் இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் விமலசுரேந்திர, பொல்பிட்டிய, புதிய இலக்சபான, கனியன் என நிலையங்கள் எழுந்தன. நம் வீட்டு முற்றத்தில் நின்றால் கோபுரங்களிற் கம்பிகள் கொழும்பை நோக்கி ஓடுவது தெரியும். அந்தக் கம்பியின் கீழே, குப்பி விளக்கின் வெளிச்சத்தில் நம் தந்தையர் பலர் பாடம் படித்தனர். இன்று லயங்களில் மின்சாரம் உண்டு. ஆனால் ஒரு கம்பியிற் பல வீடுகள் தொங்குவதால் மின்கசிவும், ஒரே கூரையாதலால் ஒரு முனையிற் பற்றிய தீ மறுமுனைவரை ஓடுவதும் நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்திகள்.

குறை கூறுவதோடு நிற்பது இளைஞருக்கு அழகன்று. நமக்கு வேண்டிய நெறி எது என்று நாமே எழுதிப் பார்க்கவேண்டும். அதில் ஓர் ஒழுங்கு முக்கியம். முதலிற் புகை, பிறகு ஈரம், அதன் பிறகே குளிர். இவ்வொழுங்கை மாற்றினால் ஆபத்து. அடுப்புப் புகைக்கு வழி செய்யாமல், குளிருக்கு அஞ்சி இடுக்குகளையெல்லாம் அடைத்தால், நச்சுக் காற்றை வீட்டுக்குள் சிறைவைத்தவர்கள் ஆவோம்.

முதலாவது, எரியும் அடுப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கூரைக்கு மேலே நீளும் புகைபோக்கி இருக்கவேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்திற் சிறுபங்கே பானையைச் சேர்கிறது. 1980களில் நம் நாட்டிற் பரவிய ‘அனகி’ என்னும் இருவாய்க் களிமண் அடுப்பு, அதே சமையலைக் குறைந்த விறகில் முடிக்கும். எரிவாயு இருக்க விறகேன் என்போர், 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் நகரத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பியதை மறக்கலாகாது.

இரண்டாவது, நிலத்தின் ஈரம் சுவரில் ஏறாதபடி அத்திவாரத்துக்கு மேலே தடுப்பு வேண்டும். கூரை சுவரைத் தாண்டி நீண்டிருக்கவேண்டும். வடியும் நீரைக் கொண்டுசெல்லப் பீலியும் கானும் வேண்டும். விறகு காய ஓர் ஒதுக்கிடமும் வேண்டும்.

மூன்றாவது, தகரக் கூரையின் கீழே உட்கூரை வேண்டும். இடையில் அடங்கி நிற்கும் காற்றே நல்ல போர்வை. கம்பளியின் சூடு நூலில் இல்லை. நூலுக்கிடையே அடைபட்ட காற்றில் இருக்கிறது. அக்கம்பளியை வீட்டுக்குப் போர்த்துவதே உட்கூரை. நீர் சொட்டுவதும் அதனாற் குறையும்.

நான்காவது, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் திறந்து மூடக்கூடிய யன்னல் வேண்டும். முதுகொட்டிய இரட்டை லயம் இந்த நெறியிற் தேறாது. ஆகவே முதலில் மாற்றவேண்டியதும் அதுவே.

ஐந்தாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்னிணைப்பும் பாதுகாப்பு ஆளியும் வேண்டும்.

இவை ஐந்தும் மாளிகைக்குரியன அல்ல, மனிதனுக்குரியன. இங்கிலாந்தின் அனுபவத்திலிருந்து மற்றொரு பாடமும் உண்டு. விதி எழுதினாற் போதாது. பார்க்க ஆள் வேண்டும். அங்கும் உள்ளூராட்சி மன்றங்கள் ஊக்கத்தோடு சோதித்த இடத்திலேதான் விதி உயிர்பெற்றது. இங்கே, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தொண்டு செய்யச் சட்டம் நீண்டகாலம் தடையாயிருந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அத்தடை நீங்கியது. இப்போது நம் அம்பகமுவ பிரதேச சபையின் கதவைத் தட்டுவதற்கு நமக்கு நியாயம் உண்டு. ஆனால் வெறுங்கையோடு தட்டலாகாது.

ஆகையால் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. வரும் தைப்பொங்கல் முதல் மாசி முடியும்வரை, நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் லயத்தில் ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் வைத்திருக்கவேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே எத்தனை பாகை, வெளியே எத்தனை பாகை என்று குறிக்கவேண்டும். யன்னல் எத்தனை, புகைபோக்கி உண்டா, சுவரில் ஈரம் எத்தனை அடி ஏறியுள்ளது, வீட்டில் இருமுவோர் எத்தனை பேர் என்றும் எழுதவேண்டும். வெப்பமானியின் விலை பெரிதன்று. நூறு வீட்டின் கணக்கு நம் கையில் இருந்தால், ‘ஓரளவு’ என்ற பழைய சொல்லுக்கு நாம் எண்ணாலே விடை சொல்லலாம். தோட்ட நிர்வாகத்தோடும் அதே கொப்பியை வைத்துக்கொண்டு பேசலாம். கூச்சல் மறக்கப்படும், கணக்கு நிற்கும்.

“இது தொழிற்சங்கத்தின் வேலை, சமய மன்றத்துக்கு என்ன தொடர்பு?” என்று கேட்கக்கூடும். நம் மாரியம்மன் கோயிலில் விளக்குப் புகை அம்மன் திருமுகத்திற் படிந்தால் நாம் பொறுப்பதில்லை. திருவிழாவுக்கு முன்னே துடைத்து, எண்ணெய்க் காப்பிட்டு, சந்தனம் சாத்துகிறோம். அது நம் பக்தி. அதே கோயிலிலிருந்து இருபது அடி தள்ளி, நம் தாய் ஆயுள் முழுவதும் அடுப்புப் புகையைத் தின்கிறாள். அவள் முகத்திற் படியும் கரியைத் துடைப்பார் இல்லை. ஏழையின் உருவில் இறைவனைக் கண்டு தொண்டு செய் என்று சுவாமி விவேகானந்தர் போதித்தார். 1897 இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய அவர் முதலில் மிதித்தது இந்த இலங்கை மண்ணைத்தான். அந்தப் போதனை மேடைக்கு மட்டும் உரியதானால், நாம் அவர் படத்துக்கு மாலையிட்டுப் பயனில்லை.

பெரியோர்களே, நீங்கள் குளிரைப் பொறுத்தீர்கள், புகையைப் பொறுத்தீர்கள், எங்களைப் படிக்கவைத்தீர்கள். அந்தப் பொறுமையை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அதைச் சொத்தாகப் பெற்று எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை. தோழர்களே, நம் தந்தையர் ஆணியடித்து மூடிய துளைகளை நாம் சட்டத்தின் கையாலே திறக்கவேண்டும். அப்போது நம் வீட்டுப் புகை மேலே போகும். நம் வீட்டு வெப்பம் உள்ளே நிற்கும். விளக்கேற்றிய முருகன் முகம் நம் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும்.